எண்ணெய் தேய்த்த வில்

ரோசெண்டா,

இரண்டாவது வில் வாங்க என்னிடம் நீ பட்ட கடனில் பாக்கி 1,850 பெசோ. "ஒரு வயலினுக்கு எதுக்குடி ரெண்டு வில்லு?" என்று ஒரு மாதமாகக் கத்தினேன். நேற்றுதான் புரிந்தது.

கல்யாணத்தில் வாசிக்கப் போகிறாயே, பளபளவென்று இருக்கட்டும் என்று உன் நல்ல வில்லின் குதிரைமுடிக்குத் தேங்காயெண்ணெய் தடவியது நான்தான். முடி வழுக்கினால் நாதம் வராது என்று மூட்டை தூக்குகிறவனுக்கு எப்படித் தெரியும்? சர்ச்சில் நீ வில்லை இழுத்தாய், சத்தமே இல்லை. பின்வரிசையில் எனக்கு உயிரே போய்விட்டது. நீயோ இரண்டாவது வில்லை எடுத்துக்கொண்டே, பக்கத்தில் வாசித்தவரிடம், "எங்க வீட்டுக்காரரு அதுக்கு எண்ணெய் வச்சுத் தலைவாரி விட்டுட்டாரு" என்று சிரித்தாய். வீட்டுக்கு வந்தும் ஒரு வார்த்தை திட்டவில்லை.

துறைமுகத்தில் சிமெண்டு இறக்கியதும் முடி மாற்றக் கொடுக்கலாமென்று அந்த நல்ல வில்லை எடுத்துப் போகிறேன். வரும்வரை இரண்டாவதில் வாசி. அடுப்பில் அடோபோ கறி இருக்கிறது, சூடாக்கிக்கொள்.

தியோடுலோ

இன்னொன்று. நாற்பது வயதில் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாயே, அதற்கு நீ கணக்கு வைத்தாயா? சுவரில் நான் குறித்திருந்த 1,850-ஐ அழித்துவிட்டேன்.