கிருத்திகையன்று கொட்டிய தண்ணீர்

இன்று விடிந்ததும் குழாயில் தண்ணீர் வந்தது. பிளீச்சிங் பவுடர் வாடை வீடு முழுக்க அடித்தது. என் கை பழக்கதோஷத்தில் டிரம்மைச் சாய்க்கப் போய்ப் பாதியில் நின்றுவிட்டது. நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. தடுக்க ஆளில்லை, ஆனாலும் சாய்க்க முடியவில்லை. மனம் உன்னைத்தான் தேடுகிறது.

நம் தெருவின் புத்தி உனக்குத் தெரியாததா? அடுத்து எப்போது வருமோ என்ற பயத்தில் அண்டா குண்டான் வரை நிரப்புவோம். மறுநாளே வந்துவிட்டால் நேற்றுப் பிடித்தது பழைய தண்ணீர். சாக்கடையில் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடிப்போம். இதில் எனக்குத்தான் முதல் பரிசு. தாலுகா ஆபீஸில் ஃபைல் வருடக்கணக்காகக் கிடந்தால் பொறுத்துக்கொள்கிற மனுஷனுக்கு, வீட்டில் தண்ணீர் ஒரு நாள் கிடந்தால் பொறுக்கவில்லை என்று கேலி செய்வாய்.

அந்த ஆடிக் கிருத்திகைக்கு நகரியிலிருந்து உன் அண்ணன் குடும்பம் காவடியோடு வந்திருந்தது. எட்டுப் பேர். விடியற்காலையில் குழாய் சீறியது. மாமன் மகளான நீ கல்யாணத்துக்குப் பிறகும் என்னைப் பாவா என்றுதான் கூப்பிடுவாய்.

“நிக்காம வந்துகினு இருக்குதான்னு பாத்துட்டு அப்பறமா கொட்டுங்க பாவா.”

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. இரண்டு டிரம்மையும் கவிழ்த்து நான் கழுவி முடிப்பதற்குள் குழாய் நின்றுவிட்டது. திருவிழாக் கூட்டத்தில் தண்ணீர் லாரியும் தெருவுக்குள் வர முடியவில்லை.

சமையலறைக் குடங்களில் இருந்ததை ஆளுக்கு அரை வாளி என்று நீதான் பிரித்து வைத்தாய். எனக்கும் வைத்தாய். சமையல் வேலை இருக்கிறது, சாயங்காலம் ஏறிக்கொள்கிறேன் என்று சொல்லி எங்களை முருகன் மலைக்கு அனுப்பினாய். குளிக்காமல் நீ மலையேற மாட்டாய் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், உனக்கென்று அரை வாளி இல்லை என்பது தோன்றவில்லை. அந்தக் கிருத்திகைக்கு நீ முருகனைப் பார்க்கவே இல்லை என்று மறுவருடம் உன் அண்ணி சொல்லித்தான் தெரிந்தது. கேட்டதற்கு, மலை எங்கே போய்விடப் போகிறது என்று சிரித்தாய்.

போன வாரம் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். இனிமேல் மழையை நம்ப முடியாதாம்; வீடுகளில் தண்ணீர்ப் புழக்கம் எப்படி மாறும் என்று எழுதிக்கொண்டு போகிறாளாம். தண்ணீர் குறைந்தால் முதலில் எதைக் குறைப்பீர்கள் என்று கேட்டாள்.

செடிக்கு ஊற்றுவதை என்று சொல்லியிருக்கலாம். துணி துவைப்பதை என்றும் சொல்லியிருக்கலாம். வாய் வேறொன்றைச் சொன்னது.

“அதெல்லாம் எங்க வீட்டம்மாதான் பாத்துக்குவாங்க.”

“கூப்பிடுங்க சார், அவங்களையே கேட்டுக்கறேன்.”

யாரைக் கூப்பிடுவேன்? நீ எதையெல்லாம் குறைத்துக்கொண்டாய் என்று உன்னையே கேட்க வேண்டும் என்பது, வாசலில் ஐந்து நிமிடம் நின்ற பெண்ணுக்குத் தோன்றிவிட்டது. முப்பத்தோரு வருடம் கூட வாழ்ந்த எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. இப்போது தினமும் கேட்கிறேன்.