எழுபது வயதும் விலகும் குண்டும்

ரிப்னிட்சா
செப்டம்பர் 14

அன்புள்ள மகள் நிவேஸுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அந்தக் கனடாக் குளிரில் சளி, காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். எனக்கு உடம்பில் குறை ஒன்றும் இல்லை, அம்மாவுக்கு முழங்கால் மட்டும் மழை வந்தால் வலிக்கிறது. பிளம் மரம் இந்த வருடம் கிளை ஒடியக் காய்த்துவிட்டது, ஜாம் கிண்டிக் கிண்டி அவள் கை சிவந்து கிடக்கிறது. போன மாதம் தொலைபேசியில் நீ, "போதும்ப்பா, வயசாயிருச்சு, துப்பாக்கிய ஒப்படைச்சிருங்க" என்றாய், நானும் சரி என்றேன். உரிமத்தைத் திருப்பித் தரும் படிவத்தில் கையெழுத்துப் போட்டு இழுப்பறையில் வைத்தும்விட்டேன். அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். எழுதும்போதே எரிச்சலாக வருகிறது, பொறுத்துக்கொள்.

ஜூன் முதல் என் துப்பாக்கி ஒரே இடத்தில் சுடவில்லை. நூறு மீட்டரில் முதல் குண்டு நடுவில் விழும், இரண்டாவது இடப்பக்கம் மூன்று விரல் தள்ளி, மூன்றாவது இன்னும் தள்ளி. மழை நாளில் முதல் குண்டே விலகும். ஜூலையில் ஒரு மழைக் காலையில் மான் ஒன்றை வயிற்றில் சுட்டுவிட்டேன். வேட்டைச் சங்கத் தலைவர் வின்கோவின் நாயை வைத்து மறுநாள் மதியம் வரை தேடித்தான் அதைக் கண்டுபிடித்தோம். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கட்டம் போட்ட நோட்டில் எல்லாம் குறித்தேன். துப்பாக்கி மேலுள்ள தொலைநோக்கியின் திருகுகளைப் பார்த்தேன், இறுக்கமாகவே இருந்தன. குழலை மூன்று நாள் துடைத்தேன், துணி வெள்ளையாக வரும் வரை. மூன்று வகைத் தோட்டா மாற்றினேன். பிறகு என்னைச் சந்தேகப்பட்டேன். புதுக் கண்ணாடி வாங்கினேன், காப்பியை விட்டேன். வின்கோ எனக்குத் தெரியாமல் வெடிக்காத வெற்றுத் தோட்டா ஒன்றைப் போட்டுக் கொடுத்தான், வெடிக்கப் போகிறதென்ற பயத்தில் கை வெட்டினால் குழல் தாழும், தெரிந்துவிடும் என்று. தாழவில்லை. அப்படியும் நான் நோட்டில், 'ஒருமுறை நடுங்காதது சான்று ஆகாது' என்று எழுதினேன். நீ ஒருமுறை சுட்டுப் பார் என்று அவனிடம் கேட்க வாய் வரவில்லை. அவன் சுட்டு நடுவில் விழுந்துவிட்டால்? அவன் என்னிடம் இயற்பியல் படித்த பயல்தான், ஒருநாள் எல்லோர் முன்னாலும், "வாத்தியாரே, மானெல்லாம் இப்ப உங்களுக்கு வலப்பக்கமாத்தான் நிக்குதாம், அங்கதான் பத்திரம்னு" என்றான். நானும் சேர்ந்து சிரித்தேன்.

போன சனிக்கிழமை சங்கத்தின் சோதனைச் சுடுதல். ஐந்து குண்டும் வட்டத்துக்குள் விழாவிட்டால் இலையுதிர்கால வேட்டைக்கு இடமில்லை. அன்றே படிவத்தைக் கொடுத்துவிடலாம் என்றிருந்தேன். புதன்கிழமை அம்மா ஜாம் கிண்டிக்கொண்டே, "எப்பலேருந்து இப்படி?" என்று கேட்டாள். எழுபது முடிந்ததிலிருந்து என்றேன். "எழுபது முடிஞ்சதுலேருந்தா, பரிசு வந்ததுலேருந்தா?" என்றாள். உடனே போய்த் துப்பாக்கியை எடுத்து வந்து மேசையில் வைத்தேன். மே மாதம் பிறந்தநாளுக்குச் சங்கத்தார் என் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போய், எழுபது ஆனவர்களுக்குச் செய்கிறபடி அதன் மரக்கட்டையில் ஓக் இலை செதுக்கி, வார்னிஷ் பூசித் தந்தார்களே. தச்சர் அல்பின் பாசத்தில் குழல் கிடக்கும் உள்பள்ளத்திலும் நாலு பூச்சுப் பூசியிருக்கிறார். ஜாம் புட்டி மூடும் காகிதத்தை ஒரு கீற்றுக் கிழித்துக் குழலுக்கும் மரத்துக்கும் நடுவே விட்டேன். குழல் மரத்தில் படவே கூடாது, காகிதம் கடைசி வரை வழுக்கிப் போக வேண்டும்; நாலு விரல் போய் நின்றுவிட்டது. குழலைக் கழற்றினால் வார்னிஷில் உரசிய தடம் பளபளக்கிறது. சுட்ட சூட்டில் குழல் விரிந்து மரத்தில் முட்டுகிறது, மழையில் மரமே உப்பி முட்டுகிறது. நாற்பது வருடம் பிள்ளைகளுக்கு இதைத்தானே சொல்லிக் கொடுத்தேன்! குச்சியில் உப்புத்தாளைச் சுற்றி இரண்டு நாள் தேய்த்தேன், காகிதம் கடைசி வரை ஓடியது.

சனிக்கிழமை ஐந்து குண்டும் ஓர் உள்ளங்கை அகலத்தில் விழுந்தன. வின்கோ கட்டிப் பிடித்து, "நான் சொன்னேன்ல, புதுக் கண்ணாடி வேலை செய்யுது!" என்று கத்தினான். அல்பின் பக்கத்தில் நின்று தான் செதுக்கிய இலையைத் தடவிக்கொண்டிருந்தார். நான் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன், நிவேஸ். மூன்று மாதம் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டவன், குற்றம் என் கையில் இல்லை என்று தெரிந்த பிறகும் தலையாட்டினேன். அதுதான் ஆறவில்லை.

இன்று பார்த்தால், அடுத்த மாதம் நம் சங்கத்து ரூடிக்கு எழுபது, அவன் துப்பாக்கி ஏற்கனவே அல்பின் பட்டறையில் இருக்கிறதாம். அம்மா, "நீங்க போறீங்களா, இல்ல இந்தக் கரண்டியோட நான் போகட்டா?" என்கிறாள். அல்பினிடம் சொல்ல வேண்டியதை நாலு முறை எழுதி அடித்தேன், நாலும் மன்னிப்பில்தான் தொடங்கின. ஐந்தாவதில் இவ்வளவுதான் மிஞ்சியது: "உள்பள்ளத்துல பூசாதீங்க அல்பின், என் குழல் அதுல முட்டினதால ஒரு மானை வயித்துல சுட்டுட்டேன்." நாளைக் காலை பட்டறை திறந்ததும் போகிறேன். படிவத்தை அடுப்பில் போட்டாயிற்று, கோபித்துக்கொள்ளாதே.

உனக்கும் உன் வீட்டாருக்கும் ஆண்டவன் துணை இருக்கட்டும். பனி விழும் முன் காருக்குக் குளிர்கால டயர் மாற்றிவிடு, போன வருடம் போலத் தள்ளிப் போடாதே.

அன்புடன்,
உன் அப்பா
அவ்குஸ்த்