நான்காம் குரலின் மூச்சு

பாத்திமாவின் விடைத்தாள் எட்டு நாளாக என் மேசையில் கிடக்கிறது. மற்ற பதினொரு தாள்களையும் சோதனை நடந்த அன்றே திருத்திக் கூட்டிக் கொடுத்துவிட்டேன். இதில் ஏழாவது கேள்விக்கு மட்டும் மதிப்பெண் போடவில்லை. கேள்வியை எழுதியது நீர். விடைக்குறிப்பிலும் உமது சாய்ந்த கையெழுத்துதான், 'க'வின் வாலை அடுத்த வரி வரைக்கும் இழுத்து வைத்திருக்கிறீர். ஆகவே உமக்கே எழுதிக் கேட்கலாம் என்று உட்கார்ந்தேன். பதில் வராது என்று தெரியும், இருந்தாலும் வேறு யாரிடம் கேட்பது?

பாத்திமா மேலப்பாளையத்துப் பெண். நீர் போன பிறகு வகுப்பில் சேர்ந்தவள், உம்மைப் பார்த்ததே இல்லை. சோதனைக்கு நீர் மெட்டமைத்த அந்த நான்கு குரல் பாட்டைத்தான் ஒலிக்கவிட்டேன். பாடியவர்களின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை என்பது நீர் வைத்த வழக்கம். "பேரு தெரிஞ்சா காது சோம்பேறியாயிரும் வே" என்பீர். குரல் ஒன்று, குரல் இரண்டு, மூன்று, நான்கு, அவ்வளவுதான். நான்காம் குரல் உம்முடையது.

ஏழாவது கேள்வி இது: மூன்றாம் வரியில் ஐந்தாம் எண்ணிக்கைக்குப் பின் நான்கு குரல்களும் நிற்கின்றனவே, அந்த இடைவெளியின் பயன் என்ன? விடைக்குறிப்பு சொல்கிறது: 'நீ' என்ற சொல் கேட்பவர் மனத்தில் நின்று பதிவதற்காக. மூன்று மதிப்பெண். பதினொரு பேரும் இதையே சொந்த நடையில் எழுதியிருக்கிறார்கள். பாத்திமா எழுதியது வேறு. "இந்த இடைவெளி திட்டமிட்டதாகத் தெரியவில்லை. முதல் மூன்று குரல்களும் மூச்சு மீதம் இருக்கும்போதே நிற்கின்றன. நான்காம் குரல் மட்டும் மூச்சுத் தீர்ந்து நிற்கிறது. மற்ற வரிகளிலும் அவர்கள் ஒரு முறை மூச்சு எடுக்கும் இடத்தில் இவர் இரண்டு முறை எடுக்கிறார். இவருக்காகவே பாட்டைக் குறைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்."

விடைக்குறிப்பின்படி அவளுக்கு ஒன்றும் கிடையாது. ஆனால் அவள் எழுதியதுதான் நடந்தது. மதிப்பெண் போட்டால் விடைக்குறிப்பை மாற்ற வேண்டும், மாற்றியதை வழக்கப்படி வகுப்பில் எல்லார் முன்னாலும் வாசிக்க வேண்டும். குரல்களைப் பிரித்துப் பாடிக்காட்ட இப்போது உமது வீட்டம்மாதான் வருகிறார். முன்வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருப்பார். அவர் காதுபட இதை எப்படி வாசிப்பேன்? மூன்று மதிப்பெண்ணுக்கு எட்டு நாள் ஆனது இதனால்தான்.

நாம் இருவரும் சேர்ந்ததே ஒரு சண்டையில் அல்லவா. பள்ளிப் போட்டி ஒன்றுக்கு நடுவர்களாக உட்கார்த்தி வைத்திருந்தார்கள். நான் முக்கூடலிலிருந்து பஸ்ஸில் வந்த பாட்டு வாத்தியார், நீர் சாத்தான்குளத்திலிருந்து வந்து பாளையங்கோட்டையில் தங்கிவிட்ட கிறிஸ்தவக் கோயில் பாடகர் குழுத் தலைவர். ஒரு பள்ளிப் பிள்ளைகள் மோகனத்தில் நாலு குரல் வைத்துப் பாடினார்கள். நான் முகத்தைச் சுளித்தேன். "ஒரு ராகத்துக்குள்ள நாலு பேரை உக்கார வச்சா, ராகம் எங்கவே உக்காரும்?" என்றேன். முன்பின் தெரியாத ஆளிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. நீர் கோபப்படவில்லை. பக்கத்தில் இருந்த சுருதிப்பெட்டியைக் காட்டினீர். "இதுல சட்ஜமும் பஞ்சமமும் சேந்துதான கேக்குது? அப்ப இங்கன எத்தனை பேரு உக்காந்திருக்காவ?" என்று கேட்டீர். அந்தக் கேள்வியோடுதான் அடுத்த சனிக்கிழமை உமது வீடு தேடி வந்தேன்.

அப்புறம் ஒன்பது வருஷம். ஜெராக்ஸ் கடை மாடியில் அந்த ஒற்றை அறையில், பாட்டைக் கேட்கக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு. மெட்டும் தாளமும் சொல்லிக்கொடுப்பது என் பங்கு, குரல்கள் ஒன்றோடொன்று பொருந்துவது உமது பங்கு. பிள்ளைகளுக்கு நீர் சொல்லும் முறை ஒன்றுதான். "மூணு தடவை கேளுங்க. மொத தடவை கையால கேளுங்க. ரெண்டாவது தடவை வாயால கேளுங்க. மூணாவது தடவைதான் காது." முதல் முறை தாளம் மட்டும் போட வேண்டும், பாட்டு தட்டில் தொடங்குகிறதா, தட்டு விழுந்து அரை எண்ணிக்கை கழித்துத் தொடங்குகிறதா என்று கைதான் முதலில் கண்டுபிடிக்கும். இரண்டாம் முறை மெட்டை முணுமுணுத்து, எந்தச் சுரத்தில் அது தங்குகிறது, எதைத் தொட்டுவிட்டு ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். மூன்றாம் முறை நாலில் ஒரு குரலை மட்டும் தேர்ந்து, காகிதத்தில் விரலை நகர்த்தியபடி அதன் பின்னாலேயே போக வேண்டும். மேல்குரல் எவ்வளவு கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது. நான் இதைக் கேலி செய்திருக்கிறேன். இன்றைக்கும் வகுப்பில் அதைத்தான் சொல்கிறேன், உமது வார்த்தையிலேயே.

அந்தப் பாட்டில் முதலில் நீர் எழுதியது எட்டு எண்ணிக்கை. 'வழி நெடுக நீ வந்தாய்' என்ற வரியில் 'நீ'யை நான்காம் குரல் கீழ்ப் பஞ்சமத்தில் ஒரு முழுத் தாள வட்டத்துக்கு நிறுத்திப் பிடிக்க வேண்டும், அதன்மேல் மற்ற மூன்று குரல்களும் படியேறி இறங்கும். வகுப்புக்காகப் பதிவு செய்ய வந்த அன்று நீர் ஐந்தில் விட்டுவிட்டீர். "எட்டு இருக்கு வே" என்றேன். "எட்டுக்கு எவன்வே மூச்சு வச்சிருக்கான்" என்று சிரித்தீர். மறுபடி பாடினோம். ஐந்து. மறுபடியும் ஐந்துதான். மேல்குரல் பாடிய உமது வீட்டம்மா உம்மையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுக்குரல் பாடிய இருவர் தண்ணீர் குடிக்கப் போனார்கள். உமது சட்டைக் காலர் நனைந்திருந்தது. மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் பதிவு செய்தோம் என்பதால், வியர்வைதானே என்று இருந்துவிட்டேன்.

எனக்கு எரிச்சல். தாளம் பிசகினால் எனக்கு வருகிற எரிச்சல் உமக்குத் தெரியும். பென்சிலை எடுத்தேன். உமது குரலை ஐந்தில் நிறுத்தினேன். அதோடு விட்டேனா? கீழ்க்குரல் மட்டும் நின்றால் குறையாகத் தெரியும் என்று மற்ற மூவரையும் அதே ஐந்தில் நிறுத்தி, மூன்று எண்ணிக்கை மௌனம் வைத்தேன். பாடிப் பார்த்தோம். அழகாக இருந்தது, அதுதான் வினை. நீர் காகிதத்தைக் கண்ணருகே பிடித்துப் பார்த்துவிட்டு, "நம்ம குறையை இலக்கணமாக்கிட்டீரு வே" என்றீர். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த வாரம் அதற்கு ஒரு கேள்வியும் விடையும் நீரே எழுதிக் கொண்டுவந்தீர், கிண்டலாக எழுதினீரோ என்னவோ.

அதன் பிறகு மாடிப்படி நடுவில் நின்று செல்போனைப் பார்க்க ஆரம்பித்தீர். "அங்கன நின்னு யாருக்குவே மெசேஜ்?" என்று மேலிருந்து கத்துவேன். "பைய வாரேன்" என்பீர். எட்டு மாதம் இப்படிப் போனது. பிறகு ஒரு புதன்கிழமை காலை, குளித்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இருதயம் வீங்கியிருக்கிறது, பல மாதமாகவே இருந்திருக்கும், மூச்சு வாங்கியிருக்குமே, யாரும் கவனிக்கவில்லையா என்று ஆஸ்பத்திரியில் கேட்டாராம் டாக்டர். வராந்தாவில் உமது மைத்துனர் இதை எங்களிடம் சொன்னார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

கல்லறைத் தோட்டத்தில் உமது குழு நின்று பாடியது. கீழ்க்குரலுக்கு ஆள் இல்லை, மூன்று குரலாகவே பாடினார்கள். கீழே தாங்குவதற்கு ஒன்றும் இல்லாமல் மேல்குரல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருதி ஏறிக்கொண்டே போயிற்று. அதைத்தான் கவனித்துக்கொண்டு நின்றேன். மண் போடச் சொன்னார்கள், போட்டேன். அழுகை வரவில்லை. வரும் என்று கொஞ்ச நாள் காத்திருந்தேன், பிறகு காத்திருப்பதையும் விட்டுவிட்டேன். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பாட்டுக் கேட்டால் பாகம் பாகமாகக் கழன்று விழுகிறது. இது மெட்டு, இது தாளம், இது துணைக்குரல் என்று சொல்ல முடிகிறது. ருசிக்காமல், சாப்பாட்டில் உப்பு இருக்கிறது என்று மட்டும் தெரிவதுபோலத்தான் அதுவும். வகுப்புக்கு அது போதுமாக இருக்கிறது.

நேற்றுச் சனிக்கிழமை. பாத்திமா மற்றவர்களுக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். "சார், எனக்கு மட்டும் பேப்பர் வரலியே. ஏழாவது தப்பா எழுதிட்டேனா?" என்றாள்.

"எப்படிம்மா கண்டுபிடிச்சே?"

"மூணாவது தடவை நாலாவது குரல் பின்னாலயே விரலை வச்சுட்டுப் போனேன் சார். எங்க வாப்பா பேசுத மாதிரியே இருந்துச்சு. போன வருசம் அவங்களும் இப்பிடித்தான், பேசிட்டே இருப்பாவ, பாதில நிறுத்திட்டு ஒண்ணுமே நடக்காத மாதிரி தண்ணி குடிப்பாவ. நான் உம்மாட்ட சொன்னேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். இருதயம் வீங்கியிருக்குன்னாவ."

"இப்ப?"

"மாத்திரை சாப்பிடுதாவ சார். கடைக்கும் போறாவ." அவள் கொஞ்சம் தயங்கினாள். "இதுல பாடுதவங்களுக்குப் பக்கத்துல இருந்தவங்க யாருக்கும் கேக்கலியா சார்?"

"உக்காரும்மா, மத்தவங்க வரட்டும்" என்றேன். உமது வீட்டம்மா படியேறி வந்துகொண்டிருந்தார்.

இதுவரை காலையில் எழுதினேன். எழுதி முடித்ததும் இருப்புக்கொள்ளவில்லை. வகுப்பில் பன்னிரண்டு பிள்ளைகள் நடுவில் அவர் இதை முதல்முறையாகக் கேட்கக் கூடாது என்று பட்டது. மதியப் பஸ்ஸைப் பிடித்து உமது வீட்டுக்குப் போனேன். கோயிலுக்குப் போய்விட்டு வந்த சேலையோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். விடைத்தாளைக் கையில் கொடுத்தேன். படித்தார். மறுபடியும் படித்தார்.

"அது தாளப் பிசகு இல்லம்மா. அவருக்கு மூச்சு நிக்கலை. எனக்குக் கேட்டுச்சு. கேட்டும், ஏன்னு கேக்காம, பாட்டைத் திருத்தி எழுதிட்டேன்" என்றேன். சொல்லும்போது குரல் நடுங்கும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை.

அவர் தாளை மடித்து முறத்தின் ஓரத்தில் வைத்தார். "எனக்கும் கேட்டுச்சு அண்ணாச்சி" என்றார். "அதுக்கு முன்னாடியே, வீட்டுல பாடிப் பாக்கையிலயே கேட்டுச்சு. எனக்குப் பயம். அந்த வாரமே டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போணும்னு மனசுக்குள்ள வச்சிருந்தேன். அன்னைக்கு நீங்க அஞ்சுன்னு எழுதினீங்க. எல்லாரும் அஞ்சுல நின்னோம். கேக்க நல்லாவும் இருந்துச்சு. சரி, பாட்டே அப்பிடித்தான் போலன்னு ஆயிட்டு. பயம் போயிட்டு. பெறகு நான் போணும்னு நினைக்கவே இல்ல."

குறையாக அவர் சொல்லவில்லை. உமக்குத் தெரியும், அவருக்குக் குத்திப் பேச வராது. கேட்டதற்கு விவரம் சொல்வதுபோல்தான் சொன்னார். பிறகு கீரையை எடுத்துக்கொண்டு எழுந்து, "காப்பி போடுதேன், இருங்க" என்றார். இருந்தேன். காப்பி குடித்தேன். சர்க்கரை சரியாக இருந்தது. கிளம்பும்போது, "அந்தப் புள்ளைக்கு மார்க்கு போட்டுருங்க அண்ணாச்சி" என்றார். வகுப்பில் வாசிக்கப் போகிறேன் என்றேன். "வாசிங்க, நான் இருக்கேன்" என்றார்.

இப்போது வீடு வந்து சேர்ந்துவிட்டேன். பாத்திமாவுக்கு மூன்றுக்கு மூன்று போட்டுக் கூட்டிவிட்டேன். விடைக்குறிப்பில் உமது வரியை அடித்துவிட்டு இப்படி எழுதியிருக்கிறேன்: "நான்காம் பாடகருக்கு மூச்சு போதவில்லை. பக்கத்தில் தாளம் போட்டவன் அதைக் கேட்டான். கேட்டு, அது யாருக்கும் கேட்காதபடி பாட்டைத் திருத்தினான்." வருகிற சனிக்கிழமை இதை நான்தான் வாசிக்க வேண்டும், வாசித்துவிடுவேன். உமது வீட்டம்மா சொன்னதை மட்டும் அங்கே சொல்ல மாட்டேன். என் பென்சில் அவருடைய பயத்தைப் போக்கிவிட்டது. அது எந்த விடைக்குறிப்பிலும் வராது. என்னோடு இருக்கும்.