உன் ஃபோல்டரை நான் அழித்த காரணம்

இன்று காலை திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. புரோகிராம் ஓடத் தேவையான லைப்ரரிக் கோப்பைக் காணோம் என்கிறது ஜாவா. நீ நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. அப்படியும் எனக்கு உன்மேல்தான் எரிச்சல் வந்தது.

மணமேல்குடிப் பக்கத்துப் படகுக்காரர்களுக்குத் தினமும் விடியுமுன் காற்று நிலவரம் அனுப்புகிற நம் புரோகிராம் நின்றுபோயிருந்தது. நிறுத்தியது நான்தான்.

அறந்தாங்கியில் ஒரே பஸ் ஏறி, புதுக்கோட்டையில் ஒரே ஆபீசுக்கு ஆறு வருஷம் போனோம். பாராட்டு மட்டும் உன் மேஜையோடு நின்றுவிடும். குறித்த நேரத்தில் தானாக ஓடுகிற அந்த வேலைக்கு, மெயின் அப்ளிகேஷனில் இருக்கிற லைப்ரரிகள் கண்ணில் படவில்லை. எல்லோரும் முழித்தபோது நீதான் தனி ஃபோல்டர் போட்டு, வேண்டியதை எல்லாம் காப்பி எடுத்து அதில் வைத்தாய். "வீட்ல ஒலை கொதிச்சா வயலுக்குப் போனவன் பசி ஆறுமா? சோத்தைக் கட்டிக் குடுத்து விடணும்" என்றாய். ஆபீசே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. எனக்கு வயிறு எரிந்தது.

நீ போன பிறகும் மேனேஜர் அக்கா என் முகத்துக்கு நேராகவே, "அவரு இருந்திருந்தா இந்நேரம் முடிச்சிருப்பாருங்க" என்பார். நேற்று சாயங்காலம் பொறுக்கவில்லை. ஒரே லைப்ரரி இரண்டு இடத்தில் எதற்கு என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு உன் ஃபோல்டரை அழித்தேன். உன் அடையாளம் ஒன்றாவது குறையட்டும் என்பதுதான் உண்மை.

விடிந்ததும் படகுக்காரர் ஒருவரிடமிருந்து போன். "தம்பி, காத்து மெசேஜ் வரலையே. அந்தத் தம்பி இருந்தப்ப ஒரு நாளும் நின்னதில்ல. போறதா வேணாமான்னு தெரியாம கரையிலயே நிக்கிறோம்."

நிலவரத்தைப் பார்த்தேன். "காத்து பலமா இருக்குண்ணே, போகாதீங்க" என்றேன். பிறகு பேக்கப்பிலிருந்து உன் ஃபோல்டரை மீட்டேன். அதற்குள் நான் ஒருநாளும் திறந்து பார்க்காத ஒரு குறிப்பு இருந்தது.

"ரெண்டு இடத்துல இருக்குதேன்னு இதை அழிச்சிராதீங்க. சோத்தைக் கட்டிக் குடுக்குற யோசனை என்னோடது இல்ல, பஸ்ல என் கூட்டாளி சொன்னது. சந்தேகம்னா அவன்கிட்ட கேளுங்க. என்னைவிட அவனுக்கு நல்லாத் தெரியும்."

அப்படிச் சொன்னதாக எனக்கு ஞாபகமே இல்லை. ஏதோ அரைத்தூக்கத்தில் உளறியிருப்பேன். நான் மறந்ததை நீ எழுதி வைத்திருக்கிறாய்.

மெசேஜ் மறுபடி போகிறது. அக்கா பாராட்டினார். "அது அவன் போட்டது அக்கா" என்றேன், முதல் தடவையாக. பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. முன்பு உன் மூளையைப் பார்த்து எரிந்தேன். இப்போது, அப்படி எழுத உனக்கு மனசு வந்ததே, அதைப் பார்த்து எரிகிறேன். உன் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்த வரியை எழுதியிருக்க மாட்டேன்டா.