சந்தனப் பொட்டு வைத்த ரைபிள்

அக்டோபர் 8, 1943. அரியலூர் முகாம்.

காலையிலிருந்து தூறல். ரைபிள்களுக்கு எண்ணெய் போடும் வேலை. நேற்று ஆயுத பூஜை. சுபேதார் எல்லா ரைபிளையும் வாங்கி அடுக்கி, தேங்காய் உடைத்து, ஒவ்வொரு குழல் முனையிலும் குறி பார்க்கிற முள்ளின் மேலேயே சந்தனப் பொட்டு வைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். வைக்க வேறு இடமா இல்லை?

ஞாயிறு ரஞ்சன்குடியில் சுடும் போட்டி. ஜெயித்தால் பத்து நாள் லீவு. என்னையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். பழுது பார்க்கிறவன் என்பதால் ரைபிள் பரிசோதனையும் என் தலையில். விதி ஒரே வரி: பட்டாளம் கொடுத்தபடியே இருக்கிற ரைபிள்தான் சேர்த்தி, கூட்டவோ குறைக்கவோ கூடாது.

பொட்டு, கூட்டல். எல்லோரையும் துடைக்கச் சொன்னேன்.

அக். 9

மாரிமுத்து மட்டும் துடைக்க மாட்டானாம். விக்கிரமங்கலத்துக்காரன். பெண்சாதிக்கு இது பிரசவ மாதம். லீவு கேட்டு மூன்று முறை இல்லை என்றாகிவிட்டது. இந்தப் போட்டி ஒன்றுதான் வழி.

"சாமிக்கு வச்சது அந்தோணிண்ணே. தொடச்சா கை நடுங்கும்."

"தொடைக்கலன்னா கைக்கு வேலையே இல்ல. சேர்க்க மாட்டேன்."

"ஒங்களுக்கென்ன, வேதக்காரரு. மாதா சுரூபத்தக் கழட்டுன்னா கழட்டுவீங்களா?"

"அது என் கழுத்துல கெடக்கு. துப்பாக்கி மூக்குல இல்ல."

பதில் சரிதான். அவன் முகம்தான் சரியில்லை. சோற்றில் கல். சோப்பு வாங்க வேண்டும்.

அக். 10, ஞாயிறு

வெயில். மாதா கோயில் பூசை தவறியது. லாரியில் பெரம்பலூர் தாண்டுவதற்குள் முதுகு போச்சு.

மாரிமுத்துவின் ரைபிளை ஒதுக்கினேன். ஏன் என்றார் சுபேதார். விதியைப் படித்துக் காட்டினேன்.

"படிச்சவனே, கொடுத்தது யாரு?"

"நீங்க, சார்."

"எப்படிக் குடுத்தேன்?"

"பொட்டு வச்சு."

"கையெழுத்து?"

"இருக்கு, சார்."

"அப்ப இவன் ரைபிள்தான்டா சரி. தொடச்சவன் எல்லாம் குறைச்சவன். வெளிய போங்க!"

பதினொரு பேர் வெளியே. பதினோராவது நான். மற்றப் பத்துப் பேரும் என் பரம்பரையை விசாரித்தார்கள்.

தனி ஆள் என்றாலும் பத்துக்கு ஐந்து பலகையில் பட்டாக வேண்டும். முதல் நான்கு குண்டும் பலகைக்குப் பின்னால் இருந்த கரட்டு மேட்டுக்குப் போயின. பொட்டு தடிமன், குறி மறைக்கிறது. சொன்னேனே! நான்காவது உதையில் சந்தனம் உதிர்ந்தது. மாரிமுத்து பார்த்தான். பக்கத்தில் நின்ற நான் பார்த்தேன். வேறு யாரும் பார்க்கவில்லை. அவன் என் வாயையே பார்த்துக்கொண்டு கிடந்தான்.

தூரத்திலிருந்து சுபேதார்: "ரைபிள் சரியா இருக்கா?"

அவர் கணக்குப்படி இப்போது இதுவும் குறைந்த ரைபிள்.

"கொடுத்தபடியே இருக்குங்க சார்."

மீதி ஆறும் பலகையில்.

அக். 11

மாரிமுத்து ரைபிளை என்னிடம் ஒப்படைத்துவிட்டு விடியலில் ஊருக்குப் போய்விட்டான். பத்துப் பேர் இன்னும் என்னோடு பேசவில்லை. சுபேதார் பதினோரு மணிக்கு ரைபிள்களைப் பார்வையிட வருகிறாராம். முகாம் முழுக்கத் தேடியும் சந்தனம் இல்லை. சமையற்கட்டில் மஞ்சள் இருந்தது. அவன் ரைபிளில் வைத்தேன்.