குப்பைத் தொட்டிக்கும் கை காட்டுவார்கள்

எலும்பு வார்டு,
பர்னி, டாஸ்மேனியா
4 அக்டோபர் 2023

நெவில்,

'அன்புள்ள' என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். வரவில்லை. பழக்கம் விட்டுப்போய் ஆறு மாதம் ஆகிறது.

நலமா என்று நீ கேட்கப்போவதில்லை, நானே சொல்லிவிடுகிறேன். வலது முட்டியில் இரண்டு தகடு, ஒன்பது திருகாணி. முட்டி நன்றாக மடங்கினால்தான் மறுபடி ஸ்கூல் பஸ் ஓட்ட விடுவார்கள். இப்போது பாதிகூட மடங்கவில்லை. லீயான் என்று ஒரு பிசியோ பெண் தினமும் வந்து, "இன்னும் கொஞ்சம்தான் செல்லம்" என்று சொல்லி மடக்குகிறாள். அவள் செல்லம் என்றாலே எனக்கு வியர்க்கிறது.

போனை நீ எடுப்பதில்லை. என் வீட்டிலிருந்து ஆறே கிலோமீட்டர் தள்ளியிருக்கிற தம்பிக்கு ஸ்டாம்பு ஒட்டி எழுத வேண்டியிருக்கிறது.

விஷயம் இதுதான். செப்டம்பர் இருபது, குப்பை வண்டி வருகிற புதன்கிழமை காலை, கரையோரச் சாலையில் என் வாசலில் குப்பைத் தொட்டியின் மூடியில் ஒரு கையை வைத்தபடி நின்றிருந்தேன். உங்கள் சைக்கிள் சங்கத்தார் பன்னிரண்டு பேர் ஒரே கொத்தாக வந்தீர்கள். மூன்றாவதாக வந்த மருந்துக்கடை ராஸ் என்மேல் ஏறினான். நான் ஓரடிகூட நகரவில்லை.

இதையே ஒரு கார் செய்திருந்தால் மாநில விபத்து வாரியம் பிசியோவிலிருந்து சம்பளம் வரை பார்த்திருக்கும். சைக்கிள் என்றால் கேட்க நாதியில்லை. மார்ச்சில் நான் பத்திரிகைக்கு எழுதியது வேறென்ன? ரோட்டில் ஓட்டுகிற எவனும் இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓட்டக்கூடாது என்றுதானே எழுதினேன்? என்னையே உதாரணமாக்கிக் காட்டியதற்கு உன் சங்கத்துக்கு நன்றி.

அதற்குச் சட்டம் வேண்டும் என்று நான் பேசிய ஊர் மண்டபத்துக் கூட்டத்தில் எழுந்து நின்று, "எங்க எல்லாருக்கும் சங்கத்து இன்ஷூரன்ஸ் இருக்கு, அப்புறம் சட்டம் எதுக்கு?" என்று கேட்டாயே, அந்த இன்ஷூரன்ஸைத்தான் இப்போது கேட்கிறேன். கேப்டன் நீ. நடந்ததை நடந்தபடி விபத்து அறிக்கையில் எழுதிக் கொடு. வேறு எதுவும் வேண்டாம்.

ரோண்டா

பி.கு. மார்சியா கொடுத்தனுப்பிய பூசணி சூப் வந்தது. உன் மனைவிக்கு மட்டும் என் அன்பு.


அல்வர்ஸ்டன்
9 அக்டோபர் 2023

ரோண்டா,

தேறி வருகிறாய் என்று மார்சியா சொன்னாள். நல்லது.

அறிக்கை மறுநாளே போய்விட்டது. 'பாதசாரி திடீரெனச் சாலைக்குள் வந்தார்' என்பது அதில் உள்ள வரி. பன்னிரண்டு பேரும் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அதை மாற்றுவதற்கில்லை.

இன்ஷூரன்ஸைப் பற்றிப் பேசுகிறாய். பள்ளிக்குச் சைக்கிளில் போகிற குழந்தையும், ரொட்டி வாங்கப் போகிற எண்பது வயதுக்காரரும் பாலிசி எடுத்துப் பையில் வைத்துக்கொள்ள வேண்டுமா? யாராவது வீட்டைவிட்டு வெளியே சைக்கிளை எடுப்பார்களா? உன் பஸ் பன்னிரண்டு டன். என் சைக்கிள் எட்டு கிலோ. போன வருடம் இதே சாலையில் நம் சங்கத்து இருவரைக் கார்கள் தள்ளிவிட்டுப் போயின. இரண்டு காருக்கும் இன்ஷூரன்ஸ் இருந்தது. ஓட்டியவர்களுக்குக் கண்தான் இல்லை.

பத்திரிகையில் எங்களை 'ஒட்டிய டவுசர் போட்ட ஓசிக்காரர்கள்' என்று எழுதினாய். கீழே உன் பெயர், என் குடும்பப் பெயர். ஒரு மாதம் நான் கடைக்குப் போனால் முதுகுக்குப் பின்னால் சிரிப்பு. ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டாயா?

சாலையில் நீ எப்போதும் பார்த்து இறங்குகிறவள் அல்ல. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

நெவில் ஹாட்லி
கேப்டன்


பர்னி
17 அக்டோபர் 2023

கேப்டன் அவர்களுக்கு,

உங்கள் அறிக்கை ஊரெல்லாம் சுற்றி என் கட்டிலுக்கும் வந்து சேர்ந்தது.

பஸ் டிப்போ ஆலன் திராட்சைப் பழத்தோடு வந்தார். அரை மணி நேரம் வானிலை பேசினார். பிறகு தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டே சொன்னார்: "ரோண்டா, உன்மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்க. பாக்காம ரோட்டுல இறங்கற ஆள்கிட்ட நாப்பது பிள்ளைங்கள எப்படி ஒப்படைப்பேன்? பெத்தவங்க கேக்கறாங்க." ஒருத்தி இன்னும் மேலே போய், "வேணும்னே குறுக்க போயிருப்பா. அவளுக்குத்தான் சைக்கிளைக் கண்டாலே ஆகாதே" என்றாளாம். அவள் பிள்ளைக்கு நான் ஷூ நாடா கட்டிவிட்டிருக்கிறேன்.

இருபத்திரண்டு வருடம் ஓட்டியிருக்கிறேன், நெவில். முட்டி மடங்கும், லீயான் மடக்கிவிடுவாள். ஆனால் பார்க்காமல் இறங்குகிறவள் என்ற பேர் ஒட்டிக்கொண்டால் எந்த டிப்போவும் எனக்குச் சாவியைத் தராது. ஒரே வரியில் என் பிழைப்பை முடித்துவிட்டாய்.

இன்னொருவரும் வந்தார். மருந்துக்கடை ராஸ். பூங்கொத்து, அழுகை எல்லாம் உண்டு. "ரோண்டா, எனக்கு முன்னாடி ரெண்டு முதுகுதான் தெரிஞ்சுது. நெவில் கை காட்டவே இல்ல. காட்டியிருந்தா நான் விலகியிருப்பேன். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாத" என்றான். சொல்லிவிட்டேன். என்மேல் ஏறியவனுக்கு நான் அவ்வளவு விசுவாசம் காட்ட வேண்டியதில்லை.

எனக்குத் தெரியாதா உங்கள் வழக்கம்? கிறிஸ்துமஸ் பந்தயங்களில் தொடக்கக் கோட்டில் உன் சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். முன்னால் போகிறவன்தான் பின்னால் வருகிறவர்களுக்குக் கண். பள்ளம் என்றால் இடது கையை இறக்கிக் காட்டுவான். கண்ணாடித் தூள், செத்துக் கிடக்கிற வாலபிக் கங்காரு, நிறுத்தியிருக்கிற கார், எல்லாவற்றுக்கும் காட்டுவான். குப்பைத் தொட்டிக்குக்கூடக் காட்டுவான்.

மறந்துவிட்டாயா? மறந்திருந்தால் சொல்லிவிடு. நானும் ஒரு முறை ஒரு பெண்பிள்ளையை பஸ் நிறுத்தத்திலேயே விட்டுவிட்டு வந்தேன். அன்றே ஒப்புக்கொண்டேன். யாரும் என்னைத் தூக்கில் போடவில்லை.

ரோண்டா


அல்வர்ஸ்டன்
21 அக்டோபர் 2023

ரோண்டா,

விசாரணை நடக்கும்போது ராஸிடம் நீ பேசியது முறையல்ல. அவன் இப்போது யாரோடும் ஓட்டுவதில்லை. சைக்கிளை விற்கப் போகிறானாம். உனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

முப்பது வருடமாக முன்னால் ஓட்டுகிறேன். நான் எதையும் மறக்கிறவன் அல்ல. என் ஓட்டத்தைப் பற்றிப் பஸ் ஓட்டுகிறவள் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

இனி எழுதாதே.

நெவில்


வீடு
26 அக்டோபர் 2023

நெவில்,

வீட்டுக்கு வந்துவிட்டேன். வாக்கரோடு அடுப்படிவரை போகிறேன். நாய் டஃபிக்கு என்னைவிட வாக்கர்மேல் சந்தேகம்.

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். மறக்கிறவன் அல்ல என்கிறாய். கை காட்டினேன் என்றும் நீ எழுதவில்லை.

மறக்கவும் இல்லை, காட்டவும் இல்லை. மிச்சம் என்ன இருக்கிறது, நீயே சொல்.

ரோண்டா


அல்வர்ஸ்டன்
6 நவம்பர் 2023

ரோண்டா,

இதை மார்சியாவிடம் கொடுத்தனுப்புகிறேன். அவளும் படித்துவிட்டாள். நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை.

உன் கடிதம் வந்தபிறகு ஒரு புதன்கிழமை காரை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டிகளை எண்ணினேன். உன் வீட்டு வளைவுக்கு முன்னால் பத்தொன்பது. அன்றைக்குப் பத்தொன்பதுக்கும் கை காட்டியிருந்தேன். இருபதாவது தொட்டி உன்னுடையது.

நல்ல பின்காற்று. நாற்பதில் வந்துகொண்டிருந்தோம். டிப்போவில் கொடுத்த மஞ்சள் சட்டையைப் போட்டிருந்தாய். இருநூறு மீட்டருக்கு முன்னாலேயே உன்னைத் தெரிந்துகொண்டேன். தொட்டியைவிட நீ சாலைப்பக்கம் அரை மீட்டர் தள்ளி நின்றாய். நகரவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். கை தானாகவே ஹேண்டில்பாரிலிருந்து எழுந்தது. அப்போது தோன்றியது, இப்போது கையை எடுத்தால் உன்னைப் பார்த்துக் கை அசைத்ததாக நினைப்பாய், ஆறு மாதத்துக்குப் பிறகு நான்தான் முதலில் இறங்கி வந்தேன் என்று. இவளுக்காகவா என்று நினைத்தேன். கையைத் திரும்ப வைத்துக்கொண்டேன். முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அவ்வளவுதான் நடந்தது. இரண்டு வினாடிகூட இருக்காது. சத்தம் கேட்டபோது உன்னைத் தாண்டிப் போயிருந்தேன்.

ஆம்புலன்ஸ் போனபிறகு காபிக் கடையில் உட்கார்ந்து எழுதினோம். 'திடீரெனச் சாலைக்குள் வந்தார்' என்ற வரியை முதலில் எழுதியவன் நான். மற்றவர்கள் பார்த்து எழுதினார்கள். அவர்கள் யாரும் உன்னைப் பார்க்கவே இல்லை. என்னை நம்பித்தானே பின்னால் வந்தார்கள்.

போன வாரம் இன்ஷூரன்ஸ்காரர்களுக்குப் போன் செய்து அறிக்கையைத் திருத்த வேண்டும் என்றேன். ஒரு பெண் பேசினாள். நல்லவள்தான். "நீங்க கை காட்ட மறந்துட்டீங்களா, இல்ல வேணும்னே காட்டலையா? மறந்ததுன்னா கவனக்குறைவு, நாங்க குடுப்போம். வேணும்னே செஞ்சதுன்னா பாலிசியில வராது சார், ஒரு பைசா வராது. யோசிச்சு அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதி அனுப்புங்க" என்றாள். எதை எழுத வேண்டும் என்று அவளே வழி சொல்லிவிட்டாள்.

மறந்தேன் என்று எழுதினால் உனக்கு ஒரு வருடச் சம்பளமும் பிசியோவும் கிடைக்கும். கேப்டன் வேலையை எப்படியும் விட்டுவிட்டேன், அதனால் என்னைப் பற்றி யோசிக்க வேண்டாம். எதை எழுதட்டும்? நீ சொல்வதை எழுதுகிறேன்.

மன்னிப்பு கேட்டுத் தொடங்கிய காகிதங்கள் ஏழு குப்பைக்குப் போயின. எட்டாவது இது.

நெவில்


வீடு
9 நவம்பர் 2023, வியாழன்

நெவில்,

மார்சியா அடுப்படியில் காத்திருக்கிறாள், இதை வாங்கிப் போக. அவள் கண் வீங்கியிருக்கிறது. அதற்கும் சேர்த்து உன்மேல் கோபம்.

எதை எழுதட்டும் என்று என்னிடம் கேட்கிறாயே, உனக்கு வெட்கமாக இல்லை? காலை உடைத்தது போதாதென்று பொய்யையும் என் தலையில் கட்டுகிறாய்.

மூன்று நாள் யோசித்தேன். யோசிக்கவில்லை என்று சொன்னால் நானும் உன்னைப்போல ஆகிவிடுவேன். அந்தப் பணம் எனக்கு வேண்டும். கூரையில் ஒழுகல் இருக்கிறது, பிப்ரவரியில் பள்ளி திறக்கும்வரை ஆலன் கூப்பிட மாட்டார். மறந்தேன் என்று எழுது என்று இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன்.

உண்மையை எழுது. வேண்டுமென்றே காட்டவில்லை என்று எழுது. 'அவர் அசையாமல் நின்றிருந்தார்' என்பது முதல் வரியாக இருக்கட்டும். ஒரு பிரதி ஆலனுக்கு, ஒரு பிரதி பத்திரிகைக்கு. என் பெயரைக் கெடுத்த அதே பதினொரு பேருக்கும் ஒவ்வொன்று.

பெரிய மனசு என்று நினைத்துவிடாதே. மறந்தவன் என்றால் இந்த ஊர் உன்னை ஒரே வாரத்தில் மன்னித்துவிடும். தோளில் தட்டிக் காபி வாங்கிக் கொடுப்பார்கள். எனக்கு அது வேண்டாம். ரோட்டில் ஓட்டுகிறவன் தான் செய்ததற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று நாடகம் மாதிரி மேடை ஏறிப் பேசினேனே, பொய் சொல்லி வாங்கிய காசில் முட்டியைச் சரிசெய்துகொண்டு மறுபடி எந்த மேடையில் ஏறுவேன்?

சிரிக்க வேண்டுமானால் ஒரு விஷயத்துக்குச் சிரித்துக்கொள். நான் கேட்ட சட்டம் வந்திருந்தாலும் இந்தக் காலுக்கு ஒன்றும் வந்திருக்காது. மறதிக்குத்தான் இன்ஷூரன்ஸ், வீம்புக்கு எந்தக் கம்பெனியும் கொடுப்பதில்லை. ஆனாலும் அந்தச் சட்டம் கேட்டு நான் போடுகிற மனுவை நிறுத்தப் போவதில்லை. நானூற்றுப் பதின்மூன்று கையெழுத்து சேர்ந்திருக்கிறது. உன்னுடையதைக் கேட்கவில்லை.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைப் பொய்க்காரி என்று சொல்லக் கூடாது. நானும் உன்னைத் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். தொட்டிக்குப் பின்னால் ஓரடி போயிருக்கலாம். இவனுக்காக நான் நகர்வதா என்றுதான் அங்கேயே நின்றேன். அசையாமல் நின்றேன் என்று நான் சொன்னதெல்லாம் நிஜம்தான். ஏன் நின்றேன் என்பதை ஆலனிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். ஒரே வீட்டில் சோறு தின்றவர்கள்தானே நாம்.

இனி நீ வர வேண்டாம், போன் வேண்டாம், கிறிஸ்துமஸுக்கு மார்சியா மட்டும் வரட்டும். மன்னிப்பு எனக்கு இன்னும் வரவில்லை. வந்தால் நானே சொல்கிறேன்.

ஒன்றே ஒன்று. ராஸைப் போய்ப் பார், சைக்கிளை விற்க வேண்டாம் என்று சொல். நீயும் முன்னால் ஓட்டுவதை விட்டுவிடாதே. அடுத்த மாதத்திலிருந்து புதன்கிழமைகளில் தொட்டியை நானேதான் வெளியே தள்ளப்போகிறேன், வாக்கரோடு. நீங்கள் வருகிற நேரத்தில் அங்கே நிற்பேன். என்னைக் கண்டதும் கையைக் காட்டு.

பின்னால் வருகிறவர்களுக்காகக் காட்டு. எனக்குக் காட்டியதாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ரோண்டா