அந்தக் கூடையில் கோழி அடை கிடந்தது

என் உயிரான அம்மாவுக்கு,

நேற்று உன்னைப் பார்த்தேன். எங்கள் பள்ளிக்கூட மண்டபத்தில், வெள்ளைத் திரையில், ஆளுயரத்துக்கு நின்றாய். நீ போய் எட்டு மாதமாகிறது. சந்தோஷத்தில் அழுதிருக்க வேண்டியவள், பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

'இலங்கையிலிருந்து திரும்பியோர் வாழ்வும் பண்பாடும்' என்று நிபுணர்களோடு ஓர் உரையாடல். நம்மைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றதும் எனக்கு எவ்வளவு ஆர்வம் தெரியுமா? நோட்டும் பேனாவுமாக முதல் வரிசையில் இடம் பிடித்தேன். பக்கத்து வீட்டு முத்தம்மா அத்தையையும் இழுத்து வந்தேன்.

கேள்விகளைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். நானும் கொடுத்தேன். 'பூம்பாறை பஸ் எங்கள் குடியிருப்பில் ஏன் நிற்பதில்லை?' நீ மூச்சுக்குத் திணறிய அன்று, அப்பா நடுரோட்டில் நின்று கையைக் காட்டியும் ஒதுங்கிப் போன பஸ். டீச்சர் என் சீட்டைப் படித்துவிட்டு மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். 'இவர்கள் தீபாவளியை எப்படிக் கொண்டாடுகிறார்கள்?' என்று வேறு யாரோ கொடுத்த சீட்டை உரக்க வாசித்தார்.

அப்புறம் மதுரைப் பேராசிரியர் படம் காட்ட எழுந்தார். அவரை உனக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் கழுத்தில் கேமராவோடு வீட்டுக்கு வந்தாரே, அவர்தான்.

"அங்க கொழுந்து பறிச்ச கூடை இன்னும் இருக்காம்மா?" என்று கேட்டார். இருந்தது. அதில் கோழி அடை கிடந்தது. நீ கோழியை விரட்டி, முட்டைகளை முறத்துக்கு மாற்றி, கூடையைத் துடைத்து, அவர் சொன்னபடியே கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு நின்றாய். "சிரிக்காம நில்லுங்க" என்று வேறு சொன்னார். சிரிக்காமல் இருக்க நீ பட்ட பாடு!

"எங்களுக்கும் இந்தப் படத்துல ஒரு காப்பி அனுப்பிருவீங்களாங்க ஐயா?" என்று கேட்டாய்.

"கண்டிப்பா அனுப்புறேம்மா."

அதற்கப்புறம் பூண்டுக் காட்டு வேலை முடிந்து வந்ததும், கையில் ஒட்டிய மண்ணைக்கூடக் கழுவாமல், "தபால் வந்துச்சா?" என்பாய். எத்தனை நாள் கேட்டாய் அம்மா?

அந்தப் படம்தான் நேற்று திரையில் வந்தது. குச்சியால் உன்னைத் தொட்டுக் காட்டி அவர் சொன்னார்: "இந்தப் பெண்மணி இப்போது தேயிலை பறிப்பதில்லை. ஆனாலும் கூடையை இறக்கி வைக்க மனம் வரவில்லை. பழைய வாழ்க்கையை விட முடியாததால்தான் இவர்கள் முன்னேறத் தயங்குகிறார்கள்." அருகிலிருந்த சென்னை நிபுணர், "முகத்தில் உறைந்த சோகத்தையும் கவனியுங்கள்" என்றார்.

சோகமா? நீ அடக்கிய சிரிப்பம்மா அது!

"அடியே, ஒங்கம்மால்ல அது!" என்று அத்தை என் தொடையைக் கிள்ளினாள். "அன்னைக்கு வெரட்டுன கோழி ரெண்டு நாளா என் கூரைய விட்டு எறங்கல. அதோட சோகத்த எவன் ஆராய்ச்சி பண்ணுறது?"

நான் எழுந்துவிட்டேன். "ஐயா, அந்தக் கூடையில கோழி அடை வச்சிருந்தோம். நீங்க கேட்டதாலதான் எங்கம்மா எடுத்து மாட்டுனாங்க. எங்கம்மா பேரு ராசம்மா."

மண்டபமே சிரித்தது. அவரும் சிரித்தார். "இதுவும் சுவையான தகவல்தான்" என்று குறித்துக்கொண்டார். தான் சொன்னது பொய் என்று தெரிந்த பிறகும், அவருக்கு அது தகவல்தானா?

கூட்டம் முடிந்ததும் அவரிடம் ஓடினேன். குடும்ப அட்டையில் இருந்த உன் முகம் போன மழையில் ஊறி அழிந்ததைச் சொன்னேன். தங்கச்சி செல்வி இப்போது ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள், "அம்மா மொகம் மறந்துபோகுதுக்கா" என்று அவள் சொல்லும்போது காட்ட ஒன்றுமில்லை என்றும் சொன்னேன்.

"படம் ஆய்வு மையத்தோடதும்மா. நம்பர் இல்லாம அவங்க குடுக்க மாட்டாங்க."

"நம்பரு என்னங்கய்யா?"

"அது இப்ப ஞாபகம் இல்லையே" என்றபடி உன்னைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தாய்.

டீச்சர் என் நோட்டுக்குள் இரண்டு வெள்ளைத் தாள்களைச் செருகினார். "வந்தவங்க முன்னால மானத்த வாங்கிட்டியே! மன்னிப்புக் கடிதம் எழுதிக்கிட்டு நாளைக்கு வெள்ளனே வந்து சேரு."

அந்தத் தாளில்தான் இதை எழுதுகிறேன். நீ இருந்தால், "பெரியவங்கள எதுத்துப் பேசாத புள்ள" என்றிருப்பாயோ? நீ எதிர்த்துப் பேசாமல் நின்றதைத்தானே அம்மா அவர்கள் சோகம் என்றார்கள்?

மன்னிப்புக் கேட்க மாட்டேன். விடிந்ததும் இதையே டீச்சரிடம் கொடுப்பேன்; படிக்கிறவர்கள் எல்லோரும் படிக்கட்டும். ஒரு பிரதி மதுரைக்குப் போகும். செல்வியின் கையில் உன் படம் வந்து சேரும்வரை, வாரம் ஒன்று போய்க்கொண்டே இருக்கும். நம்பர் மறந்த அந்த மனிதர் உன் பெயரையாவது மனப்பாடம் செய்யட்டும். ஒவ்வொன்றின் அடியிலும் இப்படித்தான் கையெழுத்துப் போடுவேன், இது சத்தியம்.

ராசம்மா பெற்ற மூத்த மகள்,
காமாட்சி